தினமும் அம்மாகிட்ட பேசியும் தனிமை ஏன் போகல?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம். ஜெர்மனியில, ம்யூனிக்ல வேலை பார்க்குற நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "தினமும் அம்மாகிட்ட ஒரு மணி நேரம் வீடியோ கால் பேசுறேன். காலேஜ் வாட்ஸ்அப் குரூப் நாள் முழுக்க ஓடுது. ஆனா கால் கட் ஆனதும் ரூம் வெறிச்சுனு ஆயிடுது. என்கிட்டதான் ஏதாவது கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லைங்க. ராபர்ட் வைஸ்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர், தனிமையைப் பற்றி 1973-ல ஒரு புத்தகம் வெளியிட்டார். தனிமை ரெண்டு வகைன்னு அதுல பிரிச்சுச் சொன்னார். முதல் வகை, மனசுக்கு நெருக்கமான ஒரு ஆள் இல்லாதது. ரெண்டாவது வகை, நம்மள அவங்கள்ல ஒருத்தரா நினைக்கிற ஒரு கூட்டம் பக்கத்துல இல்லாதது. பாஸ்டன் பகுதிக்குப் புதுசா குடிவந்த தம்பதிகளை அவர் கவனிச்சார். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நல்ல ஒட்டுதல் இருந்தும், அக்கம்பக்கத்துல யாரையும் தெரியாத மனைவிகள் தனிமையில தவிச்சாங்க. ஒரு வகை உறவை வச்சு இன்னொன்னோட இடத்தை நிரப்ப முடியாதுன்னு அவர் சொன்னதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நம்ம ஊர் கணக்குல சொன்னா, குடிக்கிற தண்ணி கேன் நிறைஞ்சிருக்கு, மாடி டேங்க் காலி. அம்மாவோட கால் கேனை நிரப்புது. டேங்க்குக்கு அந்தத் தண்ணி பத்தாது.

ஊர்ல இருந்தப்போ அந்த டேங்க் எப்படி நிரம்புச்சுன்னே நாம கவனிச்சதில்ல. டீக்கடை அண்ணா, மேல் வீட்டு ஆன்ட்டி, ஷேர் ஆட்டோவுல தினமும் பார்க்குற முகம்னு அதுவா நிரம்பிச்சு. ரெண்டு நாள் வெளிய வரலைன்னா, "என்ன, ஆளையே காணோம்?"னு கேட்க யாராவது இருந்தாங்க. ம்யூனிக்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்துனா, திங்கட்கிழமை வரைக்கும் யாரும் கேட்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும்.

இதுல நேர வித்தியாசம் வேற. குளிர்காலத்துல இந்தியா நாலரை மணி நேரம் முன்னாடி ஓடுது. நீங்க ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டா, ஊர்ல ராத்திரி பத்தரை. அம்மா தூங்குறதுக்குள்ள பேசிடணும்னு நேரா ரூமுக்கு ஓடுறீங்க. அங்க இருக்கிறவங்க ஒண்ணு சேருற நேரமும் அதே சாயங்காலம்தான். அதனால காலை நிறுத்த வேணாம், நேரத்தை மட்டும் மாத்துங்க. காலையில ஏழு மணிக்குப் பேசுனா ஊர்ல பதினொன்றரை. வாரத்துல ரெண்டு சாயங்காலமாவது காலியாகும்.

அந்த நேரத்துல என்ன செய்யலாம்? கன்சாஸ் பல்கலைக்கழகத்தோட ஜெஃப்ரி ஹால் 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். புதுசா ஊர் மாறினவங்களையும், காலேஜ்ல புதுசா சேர்ந்தவங்களையும் வச்சு, நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு பார்த்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பர் ஆக சுமார் 50 மணி நேரம், நண்பர் ஆக 90, நெருங்கிய நண்பர் ஆக 200-க்கு மேல. சேர்ந்து வேலை பார்க்குற நேரம் இதுல அவ்வளவா உதவலைன்னும் தெரிஞ்சது. ஆபீஸ்ல ரெண்டு வருஷம் பக்கத்து சீட்ல உட்கார்ந்தவர் இன்னும் வெறும் கலீக்கா இருக்கிறது இதனாலதான் இருக்கும்.

இப்போ கணக்குப் போடுங்க. வாரம் ரெண்டு மணி நேரம்னா, 50-ஐத் தொட 25 வாரம். அரை வருஷம்! மூணு தடவை போயிட்டு "யாரும் பேசவே இல்ல"ன்னு விட்டுட்டா, ஆறு மணி நேரத்துல முடிவு பண்ணிட்டோம்னு அர்த்தம்.

ஜெர்மனியில இதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. பேரு ஃபெராய்ன், நம்ம மன்றம், சங்கம் மாதிரி. பேட்மிண்டன், செஸ், கோரஸ் பாட்டு, தோட்டம்னு எல்லாத்துக்கும் உண்டு. பெரும்பாலும் வாராவாரம் அதே நாள், அதே நேரம், அதே முகங்கள். மலை ஏறுறவங்களுக்கான ஆல்பன்ஃபெராய்ன் 1869-ல உங்க ம்யூனிக்லதான் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு பத்து லட்சத்துக்கு மேல உறுப்பினர்கள். ஜெர்மன் சரியா வரலைன்னாலும் ஷட்டில் அடிக்க முடியும்ல? தமிழ்ச் சங்கம் இருந்தா பொங்கலுக்குச் சாப்பிட மட்டும் போகாதீங்க. நிகழ்ச்சி ஏற்பாடு பண்ற டீம்ல சேருங்க. வருஷத்துக்கு ஒரு சாப்பாட்டுல மணிக்கணக்கு ஏறாது, வாராவாரம் ஒத்திகைக்குப் போனா ஏறும்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லைன்னா அது வெறும் தனிமையா இல்லாமலும் இருக்கலாம். உங்க ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டரைப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பேச ஆள் வேணும்னா, டெலிஃபோன்சேல்சோர்க நம்பர் 0800 111 0 111. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, பேர் சொல்லணும்னு இல்ல. உயிருக்கே ஆபத்துன்னா 112.

வாய்ஸ் நோட் அனுப்புனவங்களுக்கு: இந்த வாரம் ஒரு ஃபெராய்ன் தேடிப் பிடிங்க. 25 வாரம் கழிச்சு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு வாரம் நீங்க போகாதப்போ யாராவது "ஏன் வரல?"னு கேட்டாங்களான்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!