பெட்ரோலைக் குடிப்பது யார்?

மாதக் கடைசியில் வரவு செலவு நோட்டைப் புரட்டுகிறீர்கள். பால், காய்கறி, பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. பெட்ரோல் கணக்கில் மட்டும் துண்டு விழுகிறது! "கார் கிழமாகிவிட்டது, தள்ளிவிட வேண்டியதுதான்" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். "இஞ்சினை இறக்கிப் பார்க்கணும், அம்மா" என்கிறார் மெக்கானிக். சற்றுப் பொறுங்கள். எதற்கும் தலையாட்டுமுன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பானர் வேண்டாம், பால் கணக்கு நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

நீங்கள் திண்டிவனத்தில் குடியிருக்கிறீர்கள், பெண்ணை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் விக்கிரவாண்டி வழியாகப் போக சுமார் 40 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் அதிகமில்லாத சாலை. சோதனைக்கு ரொம்பத் தோது.

புறப்படும்போது டாங்கை நிரப்புங்கள். குழாய் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிட்டு, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை போய்த் திரும்பிய பின் அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். 160 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 16. ஒரே நடையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். 5 லிட்டர் நிரப்புகையில் அரை லிட்டர் முன்பின்னானால் கணக்கு 10 சதவீதம் தவறிவிடும்.

இப்போது ஒரு ரகசியம். குற்றவாளி கார் இல்லாமல் பெட்ரோலாகவும் இருக்கலாம்! பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளை வழியில் பார்த்திருப்பீர்கள். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படுவதுதான் எத்தனால். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அதில் உண்டு. பழைய கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது.

ஆகவே 18 கொடுத்த கார் 17 கொடுத்தால் இஞ்சினைப் பிரிக்க வேண்டாம். 14-க்கு இறங்கிவிட்டால் வேறு கோளாறு இருக்கிறது. செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் டயர். காலையில், வண்டி ஓடிச் சூடேறுமுன், காற்றை அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது காருடன் வந்த புத்தகத்தில் இருக்கும். காற்றுக் குறைந்தால் டயரும் தேயும், பெட்ரோலும் தேயும்.

அடுத்து பிரேக். சமதரையில் கியரை விடுவித்து இருவர் தள்ளிப் பாருங்கள். சண்டித்தனம் செய்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓடி வந்ததும் ஒரு சக்கரத்தருகே மட்டும் அனல் அடித்தாலும் அதே சந்தேகம்தான். தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொள்ளாதீர்கள்!

மூன்றாவது ஏர் பில்டரும் ஸ்பார்க் பிளக்கும். பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் சுகம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. கார்புரேட்டர் வண்டியானால் சோக் முழுதும் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது மாதிரி வண்டியானால் ஆக்ஸிஜன் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். வெகுதூரம் ஓடியும் சூட்டு முள் மேலே ஏறவில்லையா? தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. இஞ்சின் குளிரிலேயே ஓடிப் பெட்ரோலை வீணாக்குகிறது.

இஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெட்ரோல் வாசனை அடித்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் கெடுத்துவிடக்கூடும். அது சிக்கன விஷயமல்ல, உயிர் விஷயம்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, மறுபடி விழுப்புரம் போய் வந்து கணக்குப் பாருங்கள். நாலையும் ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. பில் மட்டும் தெரியும்!

எல்லாம் பார்த்தும் தேறாவிட்டால் அப்போது இஞ்சினைத் திறக்கட்டும். மெக்கானிக்கிடம் போகையில் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். தேதியும் கிலோமீட்டரும் லிட்டருமாகக் கணக்கை விரித்தால், அவரும் யோசித்துத்தான் பில் போடுவார்.