எத்தனை லூமன் போதும்?

திருச்சிக்கும் படம் காட்டும் கருவிக்கும் பழைய உறவு உண்டு, தெரியுமோ? 1905-ம் வருஷம் இங்கே ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து வந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கூடாரத்து இருட்டு அவருக்குத் துணை நின்றது.

உங்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது! மகளிர் குழுவின் சார்பில் பாங்கு மானேஜரிடம் கடன் கேட்டு, வரவு செலவுக் கணக்கைத் திரையில் காட்டப் போகிறீர்கள். கண்டோன்மெண்டில் ஓர் ஆபீஸ் அறையோ, ஸ்ரீரங்கத்தில் முற்றம் வைத்த வீட்டுக் கூடமோ, நேரம் பட்டப்பகல். டியூப் லைட்டுகள் வேறு எரியும். எண்கள் தெரியாவிட்டால் கடன் கிடைப்பதெப்படி?

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. வெளிச்சம் படாத திரைதான் கறுப்பாகத் தோன்றுகிறது. அறை வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் கறுப்பு, சாம்பலாகிவிடும். ஈர மண்ணில் பளிச்சென்று தெரியும் கோலம் வெள்ளைத் தரையில் எடுபடுமா? அதே கதைதான்.

கருவி தரும் வெளிச்சத்தை லூமன் என்ற கணக்கில் அளக்கிறார்கள். 3,000 லூமன் கருவி, 2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் உள்ள திரையில் சதுர மீட்டருக்கு 1,200 லூமன் தரும். ஆசைப்பட்டுப் படத்தை 4 மீட்டர் அகலமாக்கினால் உயரமும் இரட்டிக்கும். கிடைப்பது 300 தான். கால் பங்கு! விளக்கு எரியும் ஆபீஸில் மேஜைமீது விழும் வெளிச்சமே சாதாரணமாக 300 முதல் 500 வரை இருக்கும்.

ஆகவே, வாங்குமுன் திரையின் அகலத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பகலில், பத்து இருபது பேர் உட்காரும் அறைக்கு 3,000 லூமனுக்குக் குறையாமல் பாருங்கள். பெட்டியில் 'ஏ.என்.எஸ்.ஐ.' அல்லது 'ஐ.எஸ்.ஓ.' லூமன் என்று போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். வெறும் 'லூமன்' என்று பெரிய எண்ணைப் போட்டு, விலையும் மலிவாக இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். விளக்கும் நாளாக ஆக மங்கும். கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

கடையில் அவர்கள் காட்டும் சினிமாவைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் கணக்குத் தாளையே போடச் சொல்லி, விளக்கை அணைக்காமல், கடைசி நாற்காலியிலிருந்து படித்துப் பாருங்கள்.

கூட்டத்தன்று திரைக்கு மேலே உள்ள டியூப் லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். அதற்குக் காலணாச் செலவில்லை!