தராசும் மாமியாரும்

1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஊர் நடுவத்தில் தொங்கும் தராசில் மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைப்பர். ஆறு திங்கள் முதல் மூன்று வயது வரையுள்ள மழலையருள் எடை ஏறாதவர்க்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு, தேறியதும் நிறுத்தம். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு விரித்த சத்துணவுப் பந்தியோடு ஒப்பிட்டால், இது கணக்கர் மனத்தில் பிறந்த ஏற்பாடு. ஆயினும் கடும் ஊட்டக்குறை தணிந்தது.

வெற்றி கண்ட வங்கி, 1995இல் அதே வார்ப்பை வங்காளதேசத்தில் இறக்கிற்று. அங்கே பயன் எதிர்பார்த்த அளவுக்கு விளையவில்லை. வங்கியின் மதிப்பீட்டுக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு, காரணத்தைக் கண்ணி கண்ணியாகத் தேடிற்று. அறிவுரை தாயைச் சேரவேண்டும். தாய் அதனை ஏற்கவேண்டும். ஏற்றதைச் செய்ய அவளுக்கு அதிகாரமும் பொருளும் வேண்டும். பிறகுதான் குழந்தையின் கலத்தில் சோறு கூடும்.

அறுந்த கண்ணி அடுப்பங்கரையில் கிடந்தது. அந்நாட்டுச் சிற்றூர்களில் சந்தைக்குச் செல்பவர் ஆடவர். மாமியார் உடனுறையும் வீட்டில் யார்க்கு எவ்வளவு என்று அளப்பவர் அவரே. திட்டமோ மருமகளை அமர்த்திப் பாடம் நடத்திற்று. கருவுற்றவள் மிகுதியாக உண்ணவேண்டும் என்று அவள் கற்றாள்; கருப்பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்ற அச்சமோ வீட்டில் அப்படியே இருந்தது. நடுவத்தில் உண்ட பிள்ளைக்கு வீட்டில் அளவு குறைந்தால், அது மாற்றுணவே அன்றி மிகையுணவாகாது.

மற்றொரு கண்ணியும் உண்டு. திட்டம் எட்டாத ஊர்களிலும் அதே ஆண்டுகளில் குழந்தைகளின் நிலை உயர்ந்துவந்தது. அவ்வூர்களை அருகில் வைத்து ஒப்பிடாவிடில், காலம் தந்த ஏற்றம் முழுவதும் திட்டத்தின் கணக்கில் வரவாகிவிடும். திறந்த நடுவங்களையும் செலவழிந்த பணத்தையும் எண்ணுவது எளிது என்பதால் அதிகாரிகள் அவற்றையே எண்ணிக்கொண்டிருப்பர். இதில் வங்கிக்கும் அரசுக்கும் வேற்றுமை கண்டிலேன்.

வங்கி 1997இல் வகுத்த நலவாழ்வுக் கொள்கை, உறுப்பு நாடுகளின் ஏழையர் நலத்தை முதன்மைப்படுத்திற்று. அதன் பின்வந்த பத்தாண்டை 2009இல் அதே மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்தது. திட்டங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நிறைவளித்தன. ஆனால் ஏழையரின் உடல்நலத்தை உயர்த்துவதைத் தம் குறிக்கோளாக வெளிப்பட எழுதிக்கொண்டவை மிகச் சிலவே.