ஈ.சி.ஆர்-ல முறுக்காதீங்க... டிராக்குக்கு வாங்க!

ஞாயித்துக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆர்-ல முறுக்கிட்டு, 'மச்சி, 120 தொட்டேன்டா'ன்னு திங்கட்கிழமை கேன்டீனில் அளக்கிற பார்ட்டியா நீங்க? அந்த ரோட்டில் மாடு வரும், மீன் ஏத்துன டெம்போ வரும், பால்காரர் வருவார். அவங்க யாரும் உங்க ரேஸுக்குப் பேர் கொடுக்கலையே பாஸ்!

உங்க ஆசைக்குன்னே ஒரு இடம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக். சுமார் 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். கட்டணம் கட்டி, சொந்த பைக்கையே அங்கே ஓட்டிப் பார்க்கிறதுதான் 'டிராக் டே'. போட்டி கிடையாது, கப்பும் கிடையாது.

முதல்ல கசப்பான சேதி. உங்க இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிங்க. ரேஸ், ஸ்பீடு டெஸ்டிங் இதுக்கெல்லாம் கவர் இல்லைன்னு போட்டிருக்கும். விழுந்தா செலவு நம்ம தலையில்தான்னு நினைச்சுக்கிட்டே கிளம்புங்க. அப்பா இன்னும் இ.எம்.ஐ. கட்டுற வண்டியா? அப்போ வீட்ல சொல்லிட்டுப் போறதுதான் நியாயம்.

அடுத்து காசு. புது சைலன்ஸருக்குச் சேர்த்து வெச்ச பணத்தை அப்படியே லெதர் சூட் பக்கம் திருப்புங்க. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், மணிக்கட்டை மூடுற கிளவுஸ், கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ், முதுகுக்கு புரொடெக்டர்... இது எல்லாம் கட்டாயம். ஜீன்ஸ் தார் ரோட்டில் தேய்ஞ்சா கிழிய ரொம்ப நேரம் ஆகாது. சூட் வாடகைக்குக் கிடைக்குமான்னு முன்கூட்டியே கேட்டு வைங்க.

இப்போ வண்டி. என்னைக் கேட்டா, இன்ஜினைத் தொடவே வேண்டாம், பிரேக்கைப் பாருங்க. பழைய பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வெச்சிருக்கும். வளைவுக்கு வளைவு அழுத்திப் பிடிக்கும்போது சூடேறிக் கொதிக்கும். குமிழி விட்டா லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போயிடும், வண்டி நிக்காது. அதனால புது ஆயில், கனமான பேடு, ரெண்டும் மஸ்ட். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க நம்பர் இருக்கும். '2319'ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் கிழட்டு டயர் வேண்டவே வேண்டாம். ஓட ஓட டயர் சூடாகி பிரஷர் ஏறும். அதனால எவ்வளவு காத்து வைக்கணும்னு அங்கே இருக்கிற டெக்னீஷியன்கிட்ட கேளுங்க.

நம்ம ஊர் வண்டியில் ஸாரி கார்டு, கிராஷ் கார்டு, சென்டர் ஸ்டாண்டுன்னு சகலமும் தொங்கும். வண்டியைச் சாய்க்கும்போது அது தரையில் முட்டுச்சுன்னா பின்சக்கரத்தையே தூக்கிடும். எல்லாத்தையும் கழட்டுங்க. கண்ணாடியையும் கழட்டணும். பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்க்கிறது உங்க வேலை இல்லை. முந்துறவர்தான் பார்த்து முந்தணும். ஹெட்லைட், இண்டிகேட்டருக்கு டேப் ஒட்டுங்க. உடைஞ்சாலும் சில்லு சிதறாது.

முதல் நாள் ராத்திரி செகண்ட் ஷோ கட். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், லெதருக்குள்ளே வேர்த்து ஊத்தும். தாகம் எடுக்கும் முன்னாடியே தண்ணீர் குடிங்க. மதியம் தயிர் சாதத்தை ஒரு பிடி பிடிச்சா, அடுத்த செஷனில் கண்ணு சொக்கும். வாழைப்பழம் பெட்டர்.

கொடிகளை மனப்பாடம் பண்ணுங்க. மஞ்சள்னா ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புன்னா செஷன் நிறுத்தம், மெதுவா பிட்டுக்குத் திரும்பணும். கறுப்பை உங்களைப் பார்த்துக் காட்டினா, உங்க மேலயோ வண்டி மேலயோ ஏதோ கோளாறு. முதல் ரெண்டு செஷன் பாதி வேகம் போதும், பாதையைப் படிங்க. கண்ணு முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியுற இடத்தில் இருக்கணும். 150 சிசி பையன் உங்க 390-ஐ வளைவில் சைலன்ட்டா முந்துவான். விட்டுடுங்க, துரத்தாதீங்க! கை வலிக்க ஆரம்பிச்சா கடைசி செஷனைத் தியாகம் பண்ணிடுங்க. களைச்சுப்போன கை பிரேக்கை லேட்டாத்தான் பிடிக்கும்.

சாயங்காலம் கிளம்பும் முன்னாடி டேப்பைப் பிரிங்க, கண்ணாடியை மாட்டுங்க, காத்தைப் பழைய அளவுக்கு ஏத்துங்க. கேட்டுக்கு வெளியே பெங்களூரு ஹைவே. நாள் முழுக்கப் பறந்த கண்ணுக்கு 80-ல போறது நடக்கிற மாதிரி தெரியும். மீட்டரைப் பார்த்து ஓட்டுங்க. அங்கே லாரிக்காரருக்கு யாரும் மஞ்சள் கொடி காட்ட மாட்டாங்க.