தாக்கவோ தப்பவோ, உலை ஒன்றுதான்

‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’ என்ற ஆங்கிலத் தொடர் இயந்திர மொழிபெயர்ப்பில் சிக்கினால் ‘சண்டை அல்லது விமானம்’ என்று வந்து நிற்கும். இந்த ஃப்ளைட் தப்பி ஓடுவதைக் குறிப்பது. அதை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். கண்ணில் படாத பிழை ‘ஆர்’ என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்றை ஆள் தேர்ந்தெடுக்கிறார் என்று நினைத்துப் பலரும் எழுதுகிறார்கள். தேர்வுக்கு முன்பே உடம்புக்குள் நடந்து முடிவதற்குத்தான் அந்தப் பெயர்.

ஏற்காடு ஏரியின் உபரி நீர் சுமார் 300 அடி விழுகிற இடம் கிளியூர் அருவி. இறங்கும் பாதை செங்குத்து. மழைக்காலத்தில் கல்லெல்லாம் வழுக்கும். அங்கே காலடியில் ஒரு பாம்பு சரசரவென்று நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உடம்பு செய்வதைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போவதுதான் சுலபம்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. ஒரு அடுப்பில் பருப்பு வேகிறது, இன்னொன்றில் பால். சொல்லாமல் கொள்ளாமல் பத்துப் பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் முதலில் என்ன செய்வார்? பருப்பைச் சிம்மில் வைப்பார், பாலை இறக்குவார், பெரிய அடுப்பை முழுசாகத் திறந்து ஒரு அண்டா தண்ணீரை ஏற்றிவிடுவார். ரவை உப்புமாவா, சேமியாவா என்று அப்போது முடிவாகியிருக்காது. எதுவானாலும் கொதிக்கிற தண்ணீர் வேண்டும்.

வாசலில் ஆள் வந்த சத்தத்தைக் கேட்கும் காது, மூளையில் அமிக்டலா. அது சொன்னதும் ஹைப்போதலாமஸ் பரிவு நரம்புகளை முடுக்க, சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. பள்ளியில் அவசரகால ஹார்மோன் என்று படித்தோமே, அதுதான். இதயம் வேகமெடுக்கிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. கை கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. குடலும் இரைப்பையும் சிம்முக்குப் போகின்றன. வாய் உலர்வதும் இதனால்தான்.

இந்தச் சிம்மைத்தான் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் முதலில் பார்த்தார். 1890களின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, பிஸ்மத் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, செரிமானம் நடப்பதை எக்ஸ்ரேயில் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் அதன் இரைப்பை அசைவு நின்றுபோயிற்று. இரைப்பையைப் பார்க்கப் போனவர் பயத்தைக் கண்டுகொண்டார். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் இது ஒன்று. வலி, பசி, பயம், கோபம் ஆகியவற்றில் உடம்பு எப்படி மாறுகிறது என்று அவர் எழுதிய நூல் 1915இல் வந்தது. பாம்பைக் கம்பால் அடிக்கவும் அதே சர்க்கரை, மேலே ஏறி ஓடவும் அதே சர்க்கரை என்பதுதான் அவர் கருத்தின் சாரம்.

இது பிடிபட்டால் எழுத்தும் நேராகிவிடும். ‘ரெஸ்பான்ஸ்’ (எதிர்வினை) என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’ வரும்போது ஆங்கிலத்தில் மூன்று சொற்களையும் இரண்டு சிறுகோடுகளால் கோத்து எழுதுவது வழக்கம், மூன்றும் சேர்ந்து ஒரே அடைமொழி என்பதால். தனியாகப் பெயர்ச்சொல்லாக நின்றால் கோடு தேவையில்லை. தமிழில் ‘சண்டை அல்லது ஓட்டம்’ என்பதில் தவறில்லை, ஆனால் ‘அல்லது’ மறுபடியும் தேர்வை நினைவூட்டுகிறது. ‘தாக்கவோ தப்பவோ ஆயத்தம்’ என்று நான் எழுதுகிறேன். ஆயத்தம் என்றால் உலை ஏறிவிட்டது, ரவை இன்னும் விழவில்லை.

பிற்பாடு ‘ஃப்ரீஸ்’ என்பதையும் சேர்த்தார்கள். பாம்பைக் கண்டதும் கல்லாய்ச் சமைந்து நிற்பது அது. அப்போது இதயத் துடிப்பு சற்றே குறைவதும் உண்டு. ஆகவே பட்டியலில் மூன்றாவது பண்டமாக அதைப் போட்டுவிடாமல் தனியாகச் சொல்வது நல்லது.

இன்னொன்று, இந்த ஆயத்தம் நொடிகளில் தொடங்கி, ஆபத்து விலகினால் சிறிது நேரத்தில் தணிவது. கடன் கவலையிலும் தேர்வுப் பயத்திலும் மாதக்கணக்காக வாடுபவரைப் பற்றி எழுதும்போது நீடித்த மன அழுத்தம் என்றே எழுதலாம். அங்கே பேச வேண்டியது பெரும்பாலும் கார்ட்டிசால் என்ற வேறொரு ஹார்மோனைப் பற்றி.