மூக்கு வழியே ஓர் உணவுப் பாதை

கண்டி மாநகரின் வைத்தியசாலை வாயில்களிலே மதிய வேளையில் நின்று பார்த்தால், வருவோர் கைகளிலே சோற்றுக் கூடையோ சுடுநீர்ப் போத்தலோ தொங்குவதைக் காணலாம். கலஹா, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் அக்கூட்டத்தில் இருப்பர். நோயாளிக்கு வீட்டுச் சோறு ஒரு பிடியேனும் ஊட்டினாலன்றி நம்மவர்க்கு மனம் ஆறாது. அந்த அன்பே சில வேளைகளில் ஆபத்தாய் முடிந்துவிடுகிறது.

மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் வாட்டிலே நாம் கண்டது இது. பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த முதியவர். மூக்கிலே மெல்லிய குழாய். வாயால் எதுவும் கொடுக்கலாகாது என்று தலைமாட்டிலே ஓர் அட்டை. தாதி அப்பால் சென்ற சமயம் பார்த்து, "அப்பா, ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க" என்று மகள் கரண்டியால் ஊட்டிவிட்டாள். முதியவர் இருமவில்லை. ஆகவே கெடுதல் ஒன்றுமில்லையென்றே அவள் எண்ணினாள். மறுநாள் காய்ச்சல் கண்டது, மார்பு கரகரத்தது.

நடந்தது யாது? தொண்டை என்பது இரு பாதைகள் சந்திக்கும் நாற்சந்தி. ஒன்று இரைப்பைக்கு, மற்றொன்று சுவாசப்பைக்கு. நாம் விழுங்கும் கணத்தில் மூச்சுப் பாதையை அடைத்து, உணவை உரிய வழியில் செலுத்துவது மூளையின் கட்டளை. பாரிசவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆரம்பத்தில் இக்கட்டளை தடுமாறுகிறது. சிலருக்கு இருமும் உணர்ச்சியும் மங்கிவிடுவதால், உணவு சுவாசப்பைக்குள் ஓசையின்றி இறங்கி நியூமோனியாவை உண்டாக்குகிறது. இருமவில்லை என்பது நற்சான்று ஆகாது.

இதற்கு மாற்றுவழி தேடியவர்களுள் ஜோன் ஹன்டர் என்னும் ஸ்கொட்லாந்து அறுவை வைத்தியர் குறிப்பிடத்தக்கவர். விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு 1790-ஆம் ஆண்டில் அவர் செய்த உபாயம் விசித்திரமானது. வளையும் சலாகை ஒன்றின்மேல் விலாங்கு மீனின் தோலைப் போர்த்திக் குழாயாக்கி, அதன் வழியே முட்டை, பால் முதலியவற்றை இரைப்பைக்குள் செலுத்தினார். நோயாளி பிழைத்ததோடு, மீண்டும் விழுங்கவும் வல்லவரானார்! வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு, உள்நோக்குக் கருவியின் துணையால் குழாய் பொருத்தும் முறை 1979-இல் அமெரிக்காவில் தோன்றியது. பல வாரங்கள் உதவி தேவைப்படுவோர்க்கு அது வசதி. ஆயினும் பாரிசவாதத்தின் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மூக்குவழிக் குழாயே ஏற்றதென 2005-இல் வெளியான பெரியதோர் ஆய்வு காட்டிற்று.

"குழாய் போட்டுவிட்டார்கள், இனி அவ்வளவுதான்" என்று அழுவோரை நாம் கண்டிருக்கிறோம். அது தவறு. பலர் சில வாரங்களிலேயே விழுங்கும் சக்தியை மீளப் பெறுகின்றனர். அதுவரை உடல் பட்டினியால் நலியாமல் காப்பதே குழாயின் வேலை. முற்றிய மறதி நோயில் மட்டும் கதை வேறு. அங்கே குழாயைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பது இன்றைய வைத்தியர்களின் கருத்து.

குழாயோடு வீடு திரும்புவோர் பற்றியே நமக்குக் கவலை அதிகம். லயத்து அறையிலே மடக்குக் கட்டில் ஏது? சாதாரண நாற்காலியைத் தலைமாட்டில் கவிழ்த்து, அதன் முதுகுச் சாய்வின்மேல் தலையணைகளை அடுக்கினால் நோயாளி நன்கு சாய்ந்திருப்பார். ஊட்டும்போதும் அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையும் அவரைப் படுக்க வைத்தலாகாது. குழாய் இடம் பெயரவில்லை என்பதை ஒவ்வொரு முறையும், தாதி கற்பித்தபடி, முதலில் உறுதிசெய்தல் வேண்டும். ஐயமிருப்பின் ஒரு துளியும் ஊற்றலாகாது. ஊட்டுமுன்னும் பின்னும் சிறிது நீர் செலுத்தினால் குழாய் அடைபடாது.

இன்னொன்று. வெறும் கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும்; உடலை வளர்க்காது. பால்மா, முட்டை, பருப்பு, சிறிது எண்ணெய் ஆகியவற்றை எவ்வளவு, எவ்வாறு சேர்ப்பதென்பதை வைத்தியசாலையை விட்டுப் புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்து. வாயால் உண்ணாதவர்க்கும் பல் துலக்கிவிட வேண்டும். அழுக்கு வாயின் எச்சில் சுவாசப்பைக்கு விஷம்.

நாம் கண்ட முதியவர் காய்ச்சல் நீங்கித் தேறினார். ஐந்தாம் வாரம், விழுங்கும் திறனைச் சோதித்தபின் குழாயை அகற்றினர். தேத்தண்ணீர்தான் வேண்டும் என்று சைகை காட்டினார். மகள் கொடுத்ததோ மசித்த பப்பாசிப்பழம், அதுவும் கால் கரண்டி. நீர்த்த பானமே விழுங்கக் கடினம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தேத்தண்ணீருக்கு அவர் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.