ரயரின் காற்றும் எச்சரிக்கை விளக்கும்

மாதக்கணக்கில் நிலத்திற் பாடுபட்டுப் பெற்ற விளைவு, சந்தையை அடையும் வரை கமக்காரருக்கு உரிய பயனைத் தருவதில்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவோடிரவாக மரக்கறி ஏற்றிச் செல்லும் வாகனம், நடுவழியில் ரயர் வெடித்து நின்றுவிட்டால், தக்காளியும் கறிமிளகாயும் கீரையும் பொழுதேறுமுன் வாடத் தொடங்கும். பாரத்துடன் விரைந்தோடும்போது வெடித்தால், சாரதியின் உயிருக்கும் தெருவிற் செல்வோர் உயிருக்கும் கேடு விளையும்.

இத்தகைய வெடிப்புக்கள் திடீரென நேர்வன போலத் தோன்றும். ஆயினும், அவற்றுட் பல, காற்றுக் குறைந்த ரயர் சிறிது சிறிதாகக் கெட்டதன் முடிவேயாகும். பாரத்தைத் தாங்குவது றப்பர் மட்டுமன்று. உள்ளே அடைக்கப்பட்ட காற்றே பெரும்பங்கைத் தாங்குகின்றது. காற்றுக் குறையும்போது ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மிஞ்சி மடிந்து நிமிரும். அதனால் உட்புறம் சூடேறும். றப்பரும் அதனுள் இருக்கும் இழைகளும் பிரியும். இறுதியில் ரயர் வெடிக்கும். இக்கேட்டை முன்னரே அறிவிக்கும் பொருட்டு, இக்காலத்துப் பிக்கப் வாகனங்கள் பலவற்றிலும் லொறிகள் சிலவற்றிலும் காற்றமுக்க எச்சரிக்கை அமைப்புப் பொருத்தப்பட்டுள்ளது.

அமைப்பு வந்த விதம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ரயர்களின் மேற்பட்டை பிரிந்து பலர் உயிரிழந்ததை அடுத்து, 2000 ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக, 2007 செப்டெம்பர் முதல் அந்நாட்டில் விற்பனைக்கெனச் செய்யப்படும் புதிய கார்களும் இலகு பிக்கப் வாகனங்களும் இவ்வமைப்பை உடையனவாக இருத்தல் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் யாவற்றுக்கும், 2024 யூலை முதல் புதிய லொறிகளுக்கும் இது விதியாயிற்று.

இருவகை அமைப்புக்கள்

முதல் வகையில், ஒவ்வொரு சில்லினுள்ளும் ஓர் உணரி இருக்கும். பெரும்பாலும் அது வால்வின் அடியிற் பொருத்தப்பட்டிருக்கும். அமுக்கத்தை நேரே அளந்து, வானொலி அலை மூலம் சாரதியின் முன்னுள்ள மானித் தட்டுக்கு அனுப்பும்.

இரண்டாம் வகையில் ரயரினுள் எதுவுமில்லை. காற்றுக் குறைந்த ரயரின் சுற்றளவு சற்றுக் குறைவதால், அது ஏனையவற்றிலும் விரைவாகச் சுழலும். பிறேக் அமைப்பிலுள்ள உணரிகள் இவ்வேறுபாட்டைக் கண்டறியும். நான்கு ரயர்களிலும் ஒரே அளவாகக் காற்றுக் குறைந்திருப்பின், இவ்வகை பலவேளைகளில் அதனை அறியமாட்டாது.

விளக்குக் கூறும் செய்தி

எச்சரிக்கை விளக்கு, ரயரைக் குறுக்கே வெட்டினாற் போன்ற வளைவும் அதன் நடுவே ஆச்சரியக் குறியும் கொண்டது, மஞ்சள் நிறமானது. வாகனத்தை இயக்கத் திறப்பைத் திருப்பியதும் அது சில நொடி எரிந்து அணைய வேண்டும்.

ஓடும்போது விளக்கு எரிந்து நிலைத்து நிற்பின், ஏதேனும் ஒரு ரயரிற் காற்றுக் குறைந்துள்ளது என்பது பொருள். வேகத்தைத் தணித்து, பிறேக்கைக் கடுமையாக மிதியாமல், தெருவோரத்தில் நிறுத்தி எல்லா ரயர்களையும் சோதிக்க. லொறியின் பின்புற இரட்டைச் சில்லுகளில் உட்பக்க ரயர் காற்றிழந்தாலும் வெளியே தெரியாது; அதன் பாரம் முழுவதும் இணை ரயர் மீது விழும். ஆகவே அதனையும் மறவாது பார்க்க. விளக்கு ஒரு நிமிடமளவு மின்னியபின் நிலைத்து எரியுமாயின், பழுது பெரும்பாலும் அமைப்பிலேயே உள்ளது.

விடியற்காலைக் குளிரில் எரிந்த விளக்கு, சிறிது தூரம் ஓடியபின் தானே அணைவதுண்டு. ரயர் சூடேறியதால் அமுக்கம் கூடியதே அதற்குக் காரணம், குறை தீர்ந்துவிடவில்லை. அன்றே காற்று நிரப்புதல் வேண்டும்.

விளக்குக் கூறாத செய்தி

கமக்காரர் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டியது இதுவேயாகும். மேற்கூறிய அமெரிக்க விதியின்படி, குறித்த அளவில் 25 சதவீதம் குறைந்த பின்னரே எச்சரிக்கை கட்டாயம். சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் இருக்க வேண்டிய ரயரில் 26 இறாத்தல் அளவுக்கு இறங்கும் வரை விளக்கு எரியாதிருக்கலாம்.

மேலும், பல அமைப்புக்களுக்கு ஏற்றிய பாரம் எவ்வளவு என்பது தெரியாது. உதாரணமாக, ஒரு வாகனத்தின் பின் ரயர்களுக்கு வெறுமையில் 30 இறாத்தலும், முழுப் பாரத்தில் 40 இறாத்தலும் வேண்டுமெனக் கொள்வோம். 29 இறாத்தல் காற்றுடன் மூட்டைகளை நிறைய ஏற்றினால், உண்மையிற் கால்வாசிக்கு மேல் குறைவு. எனினும், அமைப்பு 30 இறாத்தலுக்கு வைக்கப்பட்டிருப்பின் விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை என்பது காற்றுப் போதும் என்பதற்குச் சான்றாகாது.

வேண்டிய அளவு, சாரதியின் கதவருகேயுள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அது கிலோபஸ்காலில் இருப்பின் 7 ஆல் வகுக்க, ஏறத்தாழ இறாத்தல் அளவு கிடைக்கும். பாரம் ஏற்றுவதற்கு முன், ரயர் ஆறியிருக்கும் வேளையில், கையிலுள்ள அமுக்கமானியால் அளந்து நிரப்புக. ஓடிச் சூடேறிய ரயர் சில இறாத்தல் கூடுதலாகக் காட்டும். அது கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது.

நிரப்பும்போது உதவும் சைகை

சில பிக்கப் வாகனங்கள் காற்று நிரப்பும்போதும் உதவுகின்றன. திறப்பைத் திருப்பி வைத்து நிரப்பத் தொடங்கினால், சைகை விளக்குகள் மின்னும். குறித்த அளவை அடைந்ததும் ஹோர்ன் ஒருமுறை ஒலிக்கும். மிகுந்துவிட்டால் பலமுறை ஒலிக்கும். வாகனத்துக்கு வாகனம் இம்முறை வேறுபடுமாதலால் கைந்நூலைப் படித்தறிக. இவ்வொலியும் அமைப்பிற் குறித்த அளவையே காட்டும். பாரத்துக்கு வேண்டிய மிகுதியை அமுக்கமானி கொண்டே நிரப்ப வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. ரயரைக் கழற்றுமுன், உள்ளே உணரி உண்டு என்பதைப் பழுதுபார்ப்பவருக்குச் சொல்லுக. நெம்புகோல் பட்டால் அது உடையும்.

2. உணரியின் மின்கலம் ஏறத்தாழ 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். பெரும்பாலும் அதனைத் தனியே மாற்ற இயலாது. உணரியையே மாற்றல் வேண்டும்.

3. இரண்டாம் வகை அமைப்பை, எல்லா ரயர்களுக்கும் சரியாகக் காற்று நிரப்பிய பின்னரே மறுபடி அமைக்க. விளக்கை அணைப்பதற்காக மட்டும் அவ்வாறு செய்தால், குறைந்த காற்றையே சரியான அளவென அது ஏற்றுக்கொள்ளும்.

4. மேலதிகச் சில்லு பெரும்பாலும் இவ்வமைப்பில் அடங்காது. அதனையும் மாதம் ஒருமுறை அளக்க.

5. துளையில்லாத ரயரும் மாதந்தோறும் 1 அல்லது 2 இறாத்தல் இழப்பது இயல்பு. வால்வு மூடிகளை இடாமல் விடலாகாது.

திறப்பைத் திருப்பும்போது இவ்விளக்குத் தோன்றாத வாகனங்களும் நம் நாட்டில் மிகப் பல. அவற்றின் சாரதிகளுக்கு அமுக்கமானி ஒன்றே துணை. விளக்குள்ள வாகனத்திலும் அதுவே முதற் காவல். விளக்கு இரண்டாங் காவல். விளைவை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் ரயரை அளந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.